நாய்க்குட்டி வாங்கும் முன்: விற்பவர் நம்பத் தகுந்தவரா என்று அறியும் வழி

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒரு குடும்பம் நாய்க்குட்டி வாங்க நினைத்து இரண்டு பேரிடம் சொன்னால் போதும். மாலைக்குள் பல அலைபேசி எண்கள் வந்து சேர்ந்துவிடும். அவர்களில் தம் வீட்டிலேயே தாய் நாயை வைத்து, இணை சேர்த்து, குட்டிகளைப் பேணி வளர்த்துக் கொடுப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் எங்கோ பிறந்த குட்டிகளை வாங்கி, சில நாள் கூண்டில் வைத்திருந்து, லாபம் வைத்து விற்பவர்கள். குட்டியின் பெற்றோர் எவை, எத்தனை நாள் தாய்ப்பால் குடித்தது, உடன்பிறந்தவற்றில் ஏதேனும் நோயில் இறந்ததா என்பனவெல்லாம் இவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும்போது வாங்குபவர் ஏமாறுகிறார், குட்டி துன்பப்படுகிறது.

இரண்டு மாதக் குட்டி எந்த இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருந்தாலும் முதல் சில நாள்கள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகையால் குட்டியை மட்டும் பார்த்து விற்பவரை எடைபோட முடியாது. தாய் நாயையும், அது வாழும் இடத்தையும், அதன் முந்தைய ஈற்றில் பிறந்த குட்டிகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்த்தே எடைபோட வேண்டும். சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வம்சாவளித் தாள் ஆகியவை அதற்குத் துணை நிற்கும். அவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புறப்படும் முன் தொலைபேசியில்

நேரில் செல்வதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். தாய் நாய் உங்களிடம்தான் இருக்கிறதா? இது அதற்கு எத்தனையாவது ஈற்று? குட்டிகள் எந்தத் தேதியில் பிறந்தன? எத்தனை பிறந்தன, எத்தனை தங்கின? இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிகவும் பயன்படுவது. தாமே வளர்ப்பவர், ஒரு குட்டி பிறந்த மறுநாளே இறந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவார். அந்த இரவு விழித்திருந்தவர் அவர்தானே. வாங்கி விற்பவரோ ஒரு கணம் தயங்கி, வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லி, பேச்சை விலைக்குத் திருப்புவார். முந்தைய ஈற்றில் குட்டி வாங்கிய இரண்டு குடும்பங்களின் தொடர்பைக் கேளுங்கள். அவர்களிடம் அனுமதி பெற்றுத் தருகிறேன் என்று சொல்பவர் நல்லவர். ஓராண்டுக்கு முன் வாங்கியவரிடம் பேசினால், விற்ற பிறகும் அவர் தொலைபேசியை எடுக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார். சொந்த வீடா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சுற்றுச்சுவர் உண்டா, நாயை எப்போதும் சங்கிலியில் கட்டி வைப்பதாக எண்ணமா என்று விசாரிப்பார். பணம் கொடுக்க வந்தவரை இப்படி விசாரிப்பது நம் ஊர்ப் பக்கம் சிலருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. அதை அப்படிக் கொள்ளலாகாது. குட்டி போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்தான் அது பிறந்த இடத்தையும் சரியாக வைத்திருப்பார். மாறாக, சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் தாராளமாக வாழும், மின்விசிறி போதும் என்று உறுதி கூறுபவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. பனி நாட்டுக்கு ஏற்ற அடர்ந்த இரட்டை முடி அடுக்கு கொண்ட அந்த நாய்களை இங்கே விற்கத் துணிபவர் எதையும் விற்பார்.

முன்பணம் குறித்து ஓர் எச்சரிக்கை. படத்தை அனுப்பி, இன்றைக்குள் பணம் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களின் வழக்கம். தாயும் குட்டிகளும் ஒன்றாக இருக்கும் இடத்தை நேரடிக் காணொலி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்; பழைய பதிவுகளை ஏற்க வேண்டாம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவுப் பேருந்தில் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. காற்றும் தண்ணீரும் இன்றி சரக்கு அறையில் பத்து மணி நேரம் வரும் குட்டிக்கு என்ன நேரும் என்பதை அறிந்தே அனுப்புகிறார் என்றால், அவர் நாயை நேசிப்பவர் இல்லை. பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால் காலம் கடத்தாமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

தாய் நாயும் அதன் இடமும்

பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வண்ணார்பேட்டைச் சாலையோரத்தில் கைமாறும் குட்டி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் யாராலும் சொல்ல முடியாது. குட்டி பிறந்த இடத்துக்கே செல்ல வேண்டும். இயன்றால் இரு முறை, இரண்டாம் முறை முன்கூட்டிச் சொல்லாமல்.

சென்றதும் முதலில் தாயைப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த பெட்டையின் மடிக்காம்புகள் இன்னும் தளர்ந்து தொங்கும். வயிற்றுப் பக்கத்து முடி உதிர்ந்திருக்கும். உடல் சற்று இளைத்திருப்பதும் இயல்பே. வயிறு ஒட்டி, காம்புகள் சிறுத்து, பளபளக்கும் முடியுடன் ஒரு நாயைக் காட்டி இதுதான் தாய் என்றால் நம்ப வேண்டாம். வாடகைக்கு நிறுத்தும் தாயும் இந்தத் தொழிலில் உண்டு. ஐயமிருந்தால் குட்டிகளை அதன் அருகே விடச் சொல்லுங்கள். பால் மறந்த குட்டிகளைத் தாய் சில நேரம் உறுமி விலக்கும், ஆனால் அவற்றை அடையாளம் அறிந்து முகர்ந்து நக்கும். அந்நிய நாயின் உடல்மொழி அப்படி இருக்காது. தாய் உங்களைக் கண்டு குரைப்பதில் பிழையில்லை. வளர்ப்பவர் அருகில் வந்ததும் அது அமைதியடைகிறதா, வாலை ஆட்டுகிறதா, அல்லது அவரைக் கண்டே ஒடுங்கி மூலைக்குப் போகிறதா என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் நாய்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி கிடைக்காது. தந்தை நாய் அங்கு இல்லாமல் இருக்கலாம்; நல்ல கடுவனை வேறு ஊரிலிருந்து தேடிச் சேர்ப்பது பொறுப்புள்ளவர்களின் வழக்கமே. எந்த ஊர், யாருடைய நாய் என்று சொல்லிப் படமும் காட்டினால் போதும்.

இடம் ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. கரிசல் காட்டுத் தோட்டத்தில் வேப்ப மர நிழலில், மண் தரையில், ஓலைக் கொட்டகைக்குள் வளரும் குட்டிகள், நகரத்து மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் பளிங்குத் தரையில் அடைபட்ட குட்டிகளைவிட நலமாக இருப்பதை இந்தப் பக்கத்தில் எவரும் காணலாம். நிழல், சுத்தமான தண்ணீர், உலர்ந்த படுக்கை, சாணமும் மூத்திரமும் தேங்காத தரை, காதோரங்களில் உண்ணி மொய்க்காத நாய்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் வெப்பத்தில் நாய்களை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று என்பதால், தாயின் காதுமடலையும் விரலிடுக்கையும் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். குட்டிகள் வீட்டு ஓசைகளுக்கு நடுவே வளர்வதும் முக்கியம். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி மனிதரையும் ஓசையையும் பழகிக்கொள்ளும் காலம். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த குட்டி பிற்காலத்தில் அஞ்சியே கடிக்கும் நாயாக மாறும் வாய்ப்பு மிகுதி.

ஒரே இடத்தில் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக், ராட்வைலர், சிப்பிப்பாறை என்று ஐந்தாறு இனக் குட்டிகள் எப்போதும் விற்பனைக்கு இருக்குமானால் அது வளர்ப்பிடம் ஆகாது, கடை. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு இரு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் குட்டி எடுத்தால் அதன் எலும்பும் சதையும் கரைந்துவிடும். இதனால்தான் 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகளை வகுத்தது. அவற்றின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறையும் முன் இணை சேர்க்கக் கூடாது. ஓராண்டில் ஒரு ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்று என்பதே எல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. செல்லப்பிராணிக் கடைகளுக்கும் 2018-இல் தனி விதிகள் வந்து, பதிவு கட்டாயமாகியுள்ளது. பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. கேட்டதும் ஒருவர் சினம் கொண்டால் அதுவே ஒரு விடை.

நம் நாட்டு இனங்கள்

பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியான கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் சுற்றுவட்டாரத்தில் கன்னி என்னும் இன நாய்களும், அதை ஒட்டிய விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் தலைமுறைகளாக வளர்ந்து வருகின்றன. இந்திய அஞ்சல் துறை 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகத்தின் முதோல் நாயும் தேசிய விலங்கு மரபு வள அமைப்பில் இனங்களாகப் பதிவாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இவற்றின் பெயர்களைச் சொன்ன பிறகு நாடெங்கிலுமிருந்து கேட்பு பெருகியது. கேட்பு பெருகும் இடத்தில் போலியும் பெருகுவது இயல்பு. மெலிந்த உடல் கொண்ட எந்தக் குட்டியையும் இப்போது சிப்பிப்பாறை என்று விற்கிறார்கள்.

இங்கே வாங்குபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்டு குறுகிய முகம் என்று வளர்ந்த நாயிடம் நாம் வியக்கும் அடையாளங்கள் இரண்டு மாதக் குட்டியிடம் தெளிவாக இருப்பதில்லை. பழக்கமில்லாத கண்ணுக்குக் கன்னிக் குட்டியும் தெருநாய்க் குட்டியும் ஒன்றுபோலவே தோன்றலாம். கருமை உடலில் கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு இருப்பதே கன்னியின் அறியப்பட்ட நிறம் என்றாலும், அந்த நிறம் கலப்பினக் குட்டிகளிலும் வரும். ஆகவே மேலே தாயைப் பற்றிச் சொன்னது நாட்டு இனங்களில் இரு மடங்கு பொருந்தும். தாயை மட்டுமின்றி, ஊருக்குள் வளர்ந்து நிற்கும் அதன் மூத்த ஈற்றுக் குட்டிகளையும் காட்டச் சொல்லுங்கள். கிராமத்தில் இது எளிது. பக்கத்துத் தெருவிலேயே ஒன்று நிற்கும், அதை வளர்ப்பவரும் மனம்விட்டுப் பேசுவார்.

இந்த ஊர்களில் நாய் வளர்க்கும் பலரிடம் எந்தத் தாளும் இருக்காது. அப்பா காலத்து நாயின் வழியில் வந்தது என்பதே அவர்கள் வைத்திருக்கும் வம்சாவளி. சட்டம் கேட்கும் பதிவை அவர்களும் செய்துகொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் தாள் இல்லை என்ற ஒன்றுக்காக அத்தகையவரை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழை வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கும் வியாபாரியிடம் செல்வது அறிவுடைமையாக எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் வேறு வகையில் விசாரியுங்கள். இந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு சேர்த்தீர்கள், அவை உறவா என்று கேளுங்கள். ஒரு சிற்றூருக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் தாயும் மகனும், உடன்பிறந்தவையும் இணைவது நேர்ந்துவிடுகிறது. அதன் விளைவாகக் குட்டிகள் சிறுத்தும் நோய்க்கு எளிதில் ஆட்பட்டும் பிறக்கின்றன. அப்படிச் சேர்த்தால்தான் சுத்த ரத்தம் நிற்கும் என்று பெருமையாகச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ராஜபாளையம் வாங்குபவர்கள் செவியைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. வெண்மையையும் இளஞ்சிவப்பு மூக்கையும் மட்டுமே நோக்கிப் பல தலைமுறை தெரிவு செய்ததால் இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. மற்றக் குட்டிகளோடு சேர்ந்திருக்கும்போது கேளாத குட்டியும் அவற்றைப் பார்த்தே தலை திருப்பிவிடும். எனவே தனியே ஓர் அறையில் விட்டு, அது உங்களைப் பார்க்காத பக்கத்தில் நின்று, காற்று அதிர்வு படாத தொலைவில் சாவிக்கொத்தை ஒலிக்கச் செய்யுங்கள். சில முறை செய்து பார்த்தும் காது அசையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொறுப்புள்ளவர் இந்தச் சோதனையை உங்களுக்கு முன்பே செய்திருப்பார். கேளாத குட்டி இருந்தால் அதை விற்காமல் தாமே வைத்திருப்பார், அல்லது முழுவதும் விளக்கிச் சொல்லித் தக்கவரிடம் ஒப்படைப்பார்.

முயல் பிடிக்கும் காணொலியைக் காட்டித் தாயின் வேகத்தை மெய்ப்பிக்க முயல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் காணொலியைத் தம் சிறப்பாகக் கருதுபவரிடம் வாங்கினால், உங்கள் நாயையும் வேட்டைக்குக் கேட்டு அவர் அனுப்பும் ஆட்களும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

தாள்களும் பற்களும்

தடுப்பூசி அட்டையில் தேதியும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் போதாது. மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள், அதில் தொகுதி எண், காலாவதித் தேதி, கால்நடை மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கொண்ட முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களான பார்வோ, டிஸ்டம்பர் முதலியவற்றுக்கான முதல் ஊசி வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரத்தில் போடப்படுகிறது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதம் ஆகும்போது. எட்டு வாரக் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், வயதில் பொய் இருக்கிறது, இல்லையேல் ஊசியில் இருக்கிறது. குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்தே இரு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வயதைப் பற்கள் சொல்லிவிடும். மூன்றாம், நான்காம் வாரத்தில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள், எட்டு வாரம் ஆகும்போது இருபத்தெட்டும் நிறைந்து ஊசிபோல் இருக்கும். பின்பற்கள் இன்னும் ஈறுக்குள்ளேயே இருக்கும் குட்டியை இரண்டு மாதம் என்று கொடுப்பவர், பாலுக்கும் தீனிக்கும் ஆகும் செலவைக் குறைக்கத் தாயிடமிருந்து முன்னதாகவே பிரித்துவிட்டார். அத்தகைய குட்டிகள், விளையாட்டில் வலிக்காமல் கடிக்கும் அளவை உடன்பிறந்தவற்றிடம் கற்றுக்கொள்ளாமலே வந்துவிடுகின்றன.

நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருந்தால், அதில் உள்ள நுண்சில்லு (தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப்) எண்ணும் குட்டியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வருடி (ஸ்கேனர்) கொண்டு படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த எண் பதினைந்து இலக்கம் கொண்டது. தாள் பிறகு வரும் என்ற வாக்குறுதியை முழு விலையோடு ஏற்க வேண்டாம். சான்றிதழ் குட்டியின் பிறப்பைச் சொல்லும். அதன் உடல்நலத்தைச் சொல்லாது. லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வாங்குவோர், பெற்றோரின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா என்று தனியே கேட்க வேண்டும், ஏனெனில் அந்த மூட்டுக் கோளாறு மரபு வழியே வருவது.

குட்டியிடம் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தச் சோகை. உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் புழு. வாலடியில் ஈரக்கறை, கண்ணில் பீளை, மூக்கில் சளி, முகத்தில் வட்டமாக முடி உதிர்ந்த திட்டு, தொப்புளில் புடைப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டியில் மட்டும் இவை இல்லை என்று அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; உடன்பிறந்த ஒன்று நோயுற்றிருந்தால் அந்த ஈற்றிலிருந்து எதையும் அன்று எடுக்க வேண்டாம்.

இரக்கத்தால் வாங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோசமான கூண்டில் தளர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்து, காப்பாற்றுவோம் என்று பணம் கொடுத்து எடுத்து வருபவர்களின் மனம் நல்ல மனம். ஆனால் அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்கான செலவாகிறது. தாய் அதே கூண்டில் மீண்டும் சினையாகிறது. பணம் கொடுக்காமல் வெளியேறி, மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கோ கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் உதவி.

பணம் கொடுக்கும் நாளில்

விலை படிந்ததும் ஒரு சாதாரணத் தாளிலாவது எழுதி வாங்குங்கள்: பிறந்த தேதி, பெற்றோர் விவரம், போட்ட ஊசிகள், கொடுத்த தொகை, மருத்துவர் குறை கண்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பன அதில் இருக்கட்டும். எந்தக் காலத்திலும் நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவாருங்கள் என்று தாமாக எழுதித் தருபவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரைக் கண்டால் விலையில் பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள். குட்டி எதைத் தின்று பழகியது, கம்பங்கூழா, சோறும் முட்டையுமா, பொட்டலத் தீனியா என்று கேட்டு, முதல் வாரம் அதையே கொடுங்கள். உணவு மாற்றத்தால் வரும் கழிச்சலை நோய் என்று அஞ்ச வேண்டியிராது.

வாங்கிய இரண்டு நாளுக்குள் குட்டியை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். திருநெல்வேலியைச் சுற்றியிருப்பவர்களுக்கு இராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. இதயத் துடிப்பு, மலத்தில் புழு முட்டை, தோல், கண், காது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வளர்ப்பாளர் இதை முன்பே வலியுறுத்தியிருப்பார். மருத்துவர் என்ன சொன்னார் என்று தாமே அழைத்தும் கேட்பார்.

பார்வோ நோய் தொற்றிய பின் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வெளிப்படும். ஆகையால் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே குட்டி வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து கழிந்து, துவண்டு படுத்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே விற்றவரையும் அழைத்துச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நீங்கள்தான் எதையோ கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுபவர் உண்டு. மருத்துவரின் அறிக்கையை வாங்கிக்கொண்டு, அதே ஈற்றில் குட்டி எடுத்துச் சென்ற மற்ற வீடுகளுக்கெல்லாம் அன்றே அழைத்து, உங்கள் குட்டியையும் உடனே காட்டுங்கள் என்று எச்சரிப்பவரும் உண்டு. அவரிடம் தைரியமாக இன்னொரு குட்டி வாங்கலாம், அவருடைய இடம் சுத்தமாக்கப்பட்டு அடுத்த ஈற்று நலமாக வளர்ந்த பிறகு.